தூரமும் காலமும்: பெர்த்திலிருந்து லண்டனுக்கு

நெடுந்தூர ஆகாய யாத்திரையை உத்தேசிக்கும் எவரும் முதலில் கேட்கும் கேள்விகள் இரண்டு. புறப்படும் விமான நிலையத்துக்கும் போய்ச் சேரும் விமான நிலையத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது ஒன்று. போய்ச் சேர எத்தனை மணி நேரமாகும் என்பது மற்றொன்று. ஒன்றுக்கு விடை தெரிந்தால் மற்றொன்றுக்கும் விடை கிடைத்துவிடும் என்றே சாமானியமாக நாம் நினைக்கிறோம். ஆனால் முதற்கேள்விக்கு விடை ஒன்றுதான். பூமியின் உருவம் மாறாதவரையில் அதுவும் மாறாது. இரண்டாவது கேள்விக்கோ, போகும் திசை, வீசும் காற்று, திறந்திருக்கும் வான்வழி, இரண்டு தேசங்களின் கடிகார ஏற்பாடு ஆகிய நான்கையும் பொறுத்துப் பல விடைகள் உண்டு. இவ்விரண்டையும் தனித்தனியே வைத்துக் கணக்கிடப் பழகியவர், பயணச்சீட்டைப் பார்த்துக் குழம்பமாட்டார், தொடர்விமானத்தைத் தவறவிடமாட்டார், எதிர்கொண்டு அழைக்க வரும் உறவினருக்குத் தேதியைப் பிழையாகச் சொல்லவும் மாட்டார்.

இக்கணக்கை விளக்க மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தையும் இங்கிலாந்தின் லண்டன் நகரத்தையும் இவ்வதிகாரத்தில் எடுத்துக்கொள்வோம். 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆம் தேதி முதல் குவாண்டாஸ் கம்பெனியின் போயிங் 787-9 விமானம் இவ்விரு நகரங்களுக்கும் இடையே எங்கும் இறங்காமல் பறக்கத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவையும் ஐரோப்பாவையும் ஒரே மூச்சில் இணைத்த முதல் பிரயாணிகள் சேவை அதுவே. பிரயாண காலத்தை நீட்டவும் குறைக்கவும் வல்ல காரணங்கள் அனைத்தும் இந்த ஒரு வழியிலேயே தெளிவாகப் புலப்படுகின்றன. அன்றியும், இவ்விரு நிலையங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோடு இலங்கையைக் கடந்து, மன்னார் வளைகுடாவைத் தாண்டி, மதுரைச் சீமையின் மேலும் திருப்பூர் வட்டாரத்தின் மேலும் செல்கிறது என்பது தமிழ் வாசகர்களுக்கு இவ்வழியில் ஒரு தனி ஈடுபாட்டை உண்டாக்கும்.

1. தூரம் என்பது எது?

விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்று புத்தகங்களிலும் அட்டவணைகளிலும் குறிப்பிடப்படுவது, பூகோளத்தின் மேற்பரப்பில் அவ்விரண்டு இடங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளமாகும். பூமியின் மையத்தை மையமாகக் கொண்ட வட்டத்தின் ஒரு பகுதியாக அமைவதால் இதைப் பெருவட்டப் பாதை என்று வழங்குவர். பெர்த்துக்கும் லண்டன் ஹீத்ரோ நிலையத்துக்கும் இடையே இத்தூரம் 14,499 கி.மீ.; மைல் கணக்கில் 9,009. பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கி.மீ. ஆதலால், உலகத்தில் எந்த இரண்டு இடங்களும் ஒன்றுக்கொன்று 20,000 கி.மீ. அளவுக்கு மேல் தொலைவாக இருக்க முடியாது; அந்த எல்லையில் நான்கில் மூன்று பங்கை நெருங்கும் தூரத்தை இந்த விமானம் இடையில் இறங்காமலே கடக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் இப்பிரயாணத்தின் பெருமை விளங்கும்.

சுவரில் மாட்டிய தேசப்படத்தில் அடிக்கோல் வைத்துக் கோடு இழுத்துப் பார்ப்பவர் இவ்விஷயத்தில் ஏமாந்துபோவார். பள்ளிக்கூடங்களில் நாம் பார்த்துப் பழகிய மெர்கேட்டர் படத்தில் பெர்த்திலிருந்து லண்டனுக்கு நேர்கோடு இழுத்தால், அது மாலத்தீவின் தென்கோடிக்கு அருகே பூமத்திய ரேகையைக் கடந்து, அரபு தேசத்தின் மேலும் கிரேக்க தேசத்தின் மேலும் சென்று லண்டனை அடையும். உண்மையில் மிகக் குறுகிய வழியோ, அதற்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே பூமத்திய ரேகையைக் கடந்து, இலங்கையின் தென்கிழக்குக் கரையில் நிலத்தை எட்டுகிறது. அங்கிருந்து தமிழ்நாட்டையும் கன்னட நாட்டையும் கடந்து அரபிக்கடலில் இறங்கி, பாகிஸ்தானின் மக்ரான் கரை, டெஹ்ரான், ஆர்மீனியா, கருங்கடல், கிரிமியா, மத்திய ஐரோப்பா என்ற வரிசையில் அது லண்டனுக்குப் போகிறது. தேசப்படத்தின் நேர்கோடு இதைவிட 250 கி.மீ.க்கு மேல் நீளமானது. பூமத்திய ரேகையைக் குறுக்கே கடக்கும் வழி ஆதலால் இங்கே வித்தியாசம் இவ்வளவோடு நிற்கிறது. லண்டனும் டோக்கியோவும் போல இரண்டு நகரங்களும் வடபாகத்தில் கிழக்கு மேற்காக வெகுதூரம் விலகியிருக்குமாயின், அது 1,500 கி.மீ.க்கும் மேலாகிவிடும். ஆகவே, வழியைக் கண்ணால் காண விரும்புகிறவர் தட்டையான படத்தை விட்டு உருண்டையான பூகோள உருவத்தை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்ப்பதே உத்தமம்.

2. தாமே கணக்கிடும் முறை

தூரத்தைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கும் ஆவல் உள்ளவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் கற்ற திரிகோண கணிதமே போதுமானது. பெர்த் விமான நிலையம் தெற்கு அட்சரேகை 31 பாகை 56 கலையிலும், கிழக்குத் தீர்க்கரேகை 115 பாகை 58 கலையிலும் இருக்கிறது. ஹீத்ரோ நிலையம் வடக்கு அட்சரேகை 51 பாகை 28 கலையிலும், மேற்குத் தீர்க்கரேகை 0 பாகை 27 கலையிலும் இருக்கிறது. ஒன்று கிழக்கிலும் மற்றொன்று மேற்கிலும் இருப்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும். வித்தியாசம் 116 பாகை 25 கலை.

இனி, இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளையும் பெருக்கிக்கொள்ளுங்கள். தெற்கு அட்சரேகையைக் குறை எண்ணாகக் கொள்ள வேண்டுமாதலால் விடை −0.414 ஆகும். பிறகு, இரண்டு அட்சரேகைகளின் கொசைன் மதிப்புகளையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைன் மதிப்பையும் சேர்த்துப் பெருக்குங்கள்; விடை −0.235. இரண்டையும் கூட்டினால் −0.649. எந்தக் கோணத்துக்குக் கொசைன் மதிப்பு இதுவோ அதுவே பூமியின் மையத்தில் இவ்விரு ஊர்களும் உண்டாக்கும் கோணம். அது 130 பாகை 28 கலை. ஒரு பாகைக்கு அறுபது கலை. பூமியின் மேற்பரப்பில் ஒரு கலை ஏறத்தாழ ஒரு கடல்மைலுக்குச் சமம். ஆகவே தூரம் 7,828 கடல்மைல். ஒரு கடல்மைல் 1.852 கி.மீ. என்று கொண்டால் 14,497 கி.மீ. அட்டவணையில் உள்ள எண்ணுக்கும் இதற்கும் இரண்டே கிலோமீட்டர்தான் வித்தியாசம். பூமி பூரண உருண்டையாக இல்லாமல் துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதும், நாம் கலைகளோடு கணக்கை நிறுத்திக்கொண்டதும் அதற்குக் காரணம். உலகத்தின் எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் இதே முறை பொருந்தும்.

3. பறக்கும் நேரமும் காற்றின் தயவும்

போயிங் 787-9 விமானம் உயரத்தில் நிதானமாகப் பறக்கும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 903 கி.மீ. தூரத்தை இவ்வேகத்தால் வகுத்தால் 16 மணி 3 நிமிஷம் கிடைக்கும். இது காற்றில்லாத ஆகாயத்தில், ஏறுவதும் இறங்குவதும் இல்லாத ஒரு கற்பனை விமானத்தின் கணக்கு. தரையில் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரம், மெதுவாக மேலேறும் நேரம், இறங்கும் நிலையத்தை நெருங்கி முறை வரக் காத்திருக்கும் நேரம் ஆகியவற்றுக்காக அரை மணி முதல் முக்கால் மணிவரை சேர்த்துக்கொள்ள வேண்டும். பயணச்சீட்டில் குறிக்கப்படும் நேரம், விமானம் நின்ற இடத்தை விட்டு அசைந்த கணம் முதல் மறுமுனையில் வந்து நிற்கும் கணம் வரையிலானது என்பதை மறக்கலாகாது.

அப்படியும், பெர்த்திலிருந்து லண்டனுக்குப் போக ஏறக்குறைய 17 மணி 20 நிமிஷமும், லண்டனிலிருந்து பெர்த்துக்குத் திரும்ப அதைவிட அரை மணிக்கு மேல் குறைவாகவும் ஆவதைக் காணலாம். போகும்போதும் வரும்போதும் தூரம் ஒன்றாயிருக்க, காலம் வேறுபடுவானேன்? பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், மேற்கு நோக்கிப் போகிறவருக்கு ஊர் எதிர்கொண்டு வருகிறதென்றும், கிழக்கு நோக்கிப் போகிறவருக்கு ஊர் விலகிப் போகிறதென்றும் சிலர் விளக்கம் சொல்வார்கள். அது உண்மையானால் மேற்கு நோக்கிய பிரயாணமல்லவா விரைவில் முடிய வேண்டும்? அனுபவமோ அதற்கு நேர்மாறாக இருக்கிறது. பூமியைச் சூழ்ந்த வாயுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது; அதற்குள் மிதக்கும் விமானத்தைப் பூமியின் சுழற்சி நேராகப் பாதிப்பதில்லை. பாதிப்பது அவ்வாயுமண்டலத்துக்குள் தனியே ஓடும் காற்றுத்தான். சுமார் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், நமது வெப்ப மண்டலத்துக்கு வடக்கேயும் தெற்கேயும், மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் வேகமான காற்றோட்டங்கள் உண்டு. குளிர்காலத்தில் அவற்றின் பலம் மிகும். ஆற்றோட்டத்தை எதிர்த்துச் செல்லும் ஓடத்துக்கும் அதனுடன் கூடவே வரும் ஓடத்துக்கும் உள்ள வித்தியாசமே லண்டன் போகும் விமானத்துக்கும் பெர்த் திரும்பும் விமானத்துக்கும் உள்ளது.

சராசரியாக மணிக்கு 40 கி.மீ. எதிர்க்காற்று வீசுவதாக வைத்துக்கொண்டால், தரையை நோக்க விமானத்தின் வேகம் 863 கி.மீ. ஆகக் குறைந்து, பறக்கும் நேரம் 16 மணி 48 நிமிஷமாக நீளும். அதே காற்று பின்னிருந்து தள்ளுமானால் வேகம் 943 கி.மீ. ஆக உயர்ந்து, நேரம் 15 மணி 22 நிமிஷமாகச் சுருங்கும். மெல்லிய காற்றுக்கே வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மணி. ஆதலின் விமானத்தை நடத்துகிறவர்கள் ஒவ்வொரு நாளும் அன்றைய காற்றைப் பார்த்தே வழியை வகுக்கிறார்கள். தூரம் சற்றுக் கூடினாலும் எதிர்க்காற்றுக் குறைந்த வழியையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே விமானம் ஒரு நாள் முன்னதாகவும் மறுநாள் தாமதமாகவும் வந்து சேர்வதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை.

4. மூடிய வானம்

பூமியில் எல்லைகள் இருப்பதைப் போலவே ஆகாயத்திலும் எல்லைகள் உண்டு. பெருவட்டப் பாதை செல்லும் தேசங்களின் பெயர்களை முன்பு வரிசையாகச் சொன்னோம்; அவற்றில் எங்கேனும் யுத்தமோ யுத்த பயமோ ஏற்பட்டால் குறுகிய வழி பயனற்றுப்போகிறது. 2022 பிப்ரவரி முதல் உக்ரைனின் வான்வெளி பிரயாணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருப்பதால், கிரிமியாவின் மேலாகச் செல்லும் நேர்வழியை எவரும் பயன்படுத்துவதில்லை. 2024 ஏப்ரலில் ஈரானின் வானத்தையும் தவிர்க்க வேண்டிய நிலைமை வந்தபோது, வழி மேலும் சுற்றியதால், நிரம்பிய பிரயாணிகளோடும் எதிர்க்காற்றோடும் லண்டனை எட்டப் போதிய எரிபொருளைச் சுமக்க இயலாமல், பெர்த்திலிருந்து கிளம்பிய விமானம் சில காலம் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு சென்றது. ஆனால் அதே நாட்களில் லண்டனிலிருந்து பெர்த்துக்குத் திரும்பிய விமானமோ, பின்காற்றின் உதவியால் எங்கும் இறங்காமலே வந்தது. தூரம் ஒன்றாயினும் காலம் வேறு என்ற நமது கொள்கைக்கு இதைக் காட்டிலும் தெளிவான அத்தாட்சி வேண்டுவதில்லை.

இங்கே, இடையில் இறங்கிச் செல்லும் வழிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெர்த்திலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,910 கி.மீ.; சிங்கப்பூரிலிருந்து லண்டன் சுமார் 10,880 கி.மீ.; மொத்தத்தில் நேர்வழியைவிட 300 கி.மீ. மட்டுமே அதிகம். துபாய் வழியாகச் சென்றால் 50 கி.மீ.கூட அதிகமாவதில்லை. ஆகவே, இறங்கிச் செல்வதால் கூடுவது தூரம் அல்ல. இறங்குவதற்கும், காத்திருப்பதற்கும், மறுபடி ஏறுவதற்கும் ஆகும் காலந்தான். இரண்டு மணி நேர இடைவெளியுள்ள சீட்டுக்கும் எட்டு மணி நேர இடைவெளியுள்ள சீட்டுக்கும் தூரத்தில் ஒரு மீட்டரும் வித்தியாசமில்லை என்பதை நினைவில் வைத்து, காத்திருக்கும் நேரத்தையே முதலில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இவ்வழியின் பழைய சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு இந்த மணிக்கணக்குகளின் அருமை நன்கு விளங்கும். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்து, ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான ஆகாயத் தொடர்பு அறுந்துபோனபோது, 1943 ஜூன் முதல் காட்டலினா என்னும் நீர்விமானங்கள் பெர்த் நகரின் சுவான் ஆற்றிலிருந்து புறப்பட்டு, இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கலை ஏரியில் வந்து இறங்கின. சுமார் 5,650 கி.மீ. தூரத்தைக் கடக்க அவற்றுக்கு 27 முதல் 33 மணி நேரம் பிடித்தது. பகைவர் கண்ணில் படாதிருக்க வானொலியையும் மௌனமாக்கி, நட்சத்திரங்களைக் கொண்டு வழி அறிந்து பறந்த அவ்விமானங்களில் சென்றவர்கள், ஒரே பிரயாணத்தில் இரண்டு சூரியோதயங்களைக் கண்டார்கள். யுத்தம் முடிந்து, 1947 டிசம்பர் 1ஆம் தேதி சிட்னியிலிருந்து லண்டனுக்கு 29 பிரயாணிகளோடு கிளம்பிய கான்ஸ்டலேஷன் விமானம், டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி ஆகிய இடங்களில் இறங்கி இறங்கி, நான்காம் நாள் போய்ச் சேர்ந்தது. இன்று, காட்டலினா ஒன்றேகால் நாளில் கடந்த சமுத்திரத்தை நாம் ஆறரை மணியில் கடந்து, அதே ஓட்டத்தில் லண்டனையும் அடைந்துவிடுகிறோம்.

5. கடிகாரக் கணக்கு

பிரயாணிகள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரத்தையும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரத்தையும் அனுசரித்தே அச்சிடப்படும். ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிப்பதால் மட்டும் பிரயாண காலம் கிடைத்துவிடாது. பெர்த் நகரம் உலகப் பொதுநேரத்துக்கு எட்டு மணி முந்தியது. அங்கே கோடைக்காலத்துக்கென்று கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை. லண்டனோ குளிர்காலத்தில் பொதுநேரத்தையே கொள்கிறது. மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிறுவரை ஒரு மணி முன்னே செல்கிறது. எனவே, இரண்டு ஊர்களுக்கும் வித்தியாசம் குளிர்காலத்தில் 8 மணி. கோடையில் 7 மணி.

கோடையில் ஒரு நாள் மாலை 6.45க்குப் பெர்த்தில் கிளம்பி, மறுநாள் காலை 5.05க்கு லண்டன் சேர்வதாகச் சீட்டில் இருந்தால், கடிகாரங்கள் காட்டுவது 10 மணி 20 நிமிஷம். மேற்கு நோக்கிச் செல்வதால் வித்தியாசமான 7 மணியைக் கூட்ட வேண்டும். உண்மையான காலம் 17 மணி 20 நிமிஷம். திரும்பும்போது லண்டனில் நடுப்பகல் 12க்குக் கிளம்பி, மறுநாள் முற்பகல் 11.30க்குப் பெர்த் சேர்வதாக இருந்தால், கடிகாரங்கள் காட்டுவது 23 மணி 30 நிமிஷம். கிழக்கு நோக்கிச் செல்வதால் 7 மணியைக் கழிக்க வேண்டும். உண்மையான காலம் 16 மணி 30 நிமிஷம். மேற்கே போனால் கூட்டு, கிழக்கே போனால் கழி என்ற இந்த ஒரு விதியை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். தேதிக்கோட்டைக் கடக்கும் பசிபிக் சமுத்திரப் பிரயாணங்களில் மட்டும், இரண்டு நேரங்களையும் உலகப் பொதுநேரமாக மாற்றிய பின்னரே கழித்துப் பார்ப்பது நலம்.

கடிகாரம் மாறும் நாளில் பிரயாணம் செய்கிறவர் விசேஷ ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2018 மார்ச் 24ஆம் தேதி மாலை பெர்த்திலிருந்து கிளம்பிய முதல் விமானம் மறுநாள் காலை 5 மணி கடந்து லண்டனில் இறங்கியது. அந்த மறுநாள் மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறு. விமானம் ஆகாயத்தில் இருந்தபோதே லண்டனின் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டுவிட்டன. கிளம்பும்போது எட்டு மணியாக இருந்த வித்தியாசம் சேரும்போது ஏழாகிவிட்டது. இதை அறியாமல் எட்டைக் கூட்டியவருக்குப் பிரயாண காலம் ஒரு மணி அதிகமாகவே தோன்றியிருக்கும். சேரும் நேரத்தில் சேரும் ஊரில் எந்தக் கணக்கு நடைமுறையில் இருக்கிறதோ அதையே கொள்ள வேண்டும்.

6. வீட்டிலிருந்து வீடுவரை

அட்டவணை சொல்வது நிலையத்திலிருந்து நிலையத்துக்கு ஆகும் காலம். பிரயாணிக்கு வேண்டியதோ வாசற்படியிலிருந்து வாசற்படிக்கு ஆகும் காலம். வெளிதேச விமானத்துக்கு மூன்று மணி முன்னதாக நிலையத்தில் இருப்பது, இறங்கியபின் குடிவரவுச் சோதனைக்கும் பெட்டிகளைப் பெறவும் ஒரு மணிக்குக் குறையாமல் ஒதுக்குவது, நகரத்துக்குள் செல்லும் நேரம் ஆகியவற்றைச் சேர்த்தால், பதினேழு மணிப் பிரயாணம் இருபத்துமூன்று மணியாகிவிடுவது சகஜம். லண்டனுக்கு ஹீத்ரோ ஒன்றே நிலையம் என்று எண்ணிவிடலாகாது. காட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், நகர நிலையம் என்று வேறு சிலவும் உண்டு. ஒன்றில் இறங்கி மற்றொன்றில் தொடர்விமானம் ஏற வேண்டியிருந்தால், இடையே அரைநாளாவது வைத்துக்கொள்வது விவேகம்.

உடம்புக்கும் ஒரு கடிகாரம் உண்டு. நாம் முள்ளைத் திருப்பியவுடன் அது திரும்புவதில்லை. ஒரு மணி வித்தியாசத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்ற கணக்கில்தான் அது புதிய ஊரோடு இசைகிறது. மேற்கே போகும்போது இது எளிது. கிழக்கே திரும்பும்போது சற்றுக் கடினம். ஆதலால், லண்டன் சேர்ந்த முதல் நாளிலும், அதைவிட முக்கியமாகப் பெர்த் திரும்பிய முதல் இரண்டு நாட்களிலும், முக்கியமான காரியங்களை ஏற்றுக்கொள்ளாதிருப்பது நல்லது. இவ்வளவு நீண்ட நேரம் ஒரே ஆசனத்தில் அசையாதிருந்தால் கால்களில் இரத்தம் உறையும் அபாயம் உண்டாகையால், இரண்டு மணிக்கொரு முறை எழுந்து நடப்பதும், கணுக்கால்களை மடக்கி நீட்டுவதும், அடிக்கடி தண்ணீர் அருந்துவதும் அவசியம். முன்பே அத்தகைய நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் சீட்டு வாங்குவதற்கு முன்பே வைத்தியரின் ஆலோசனையைப் பெற வேண்டும்.

7. செய்யவேண்டியவை சுருக்கமாக

எந்த இரண்டு தூர தேச நிலையங்களானாலும் கீழ்க்கண்ட வரிசையில் கணக்கிடுக:

1. இரண்டு நிலையங்களின் பெயர்களையும் சரியாகக் குறித்துக்கொண்டு, பெருவட்டத் தூரத்தை அறிக.
2. அதை மணிக்கு 900 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்து, தரையோட்டத்துக்கும் ஏற்ற இறக்கத்துக்குமாக அரை மணி முதல் முக்கால் மணிவரை கூட்டுக.
3. மேற்கு நோக்கிய நெடும்பிரயாணமானால் மேலும் அரை மணி முதல் ஒரு மணிவரை சேர்த்துக்கொள்க. கிழக்கு நோக்கியதானால் அவ்வளவு குறையலாம்.
4. சீட்டிலுள்ள நேரங்களிலிருந்து, கூட்டல் கழித்தல் விதிப்படி உண்மையான காலத்தைக் கண்டு, மேற்சொன்ன கணக்கோடு ஒப்பிடுக. வித்தியாசம் இரண்டு மணிக்கு மேலிருந்தால், விமானம் எங்கேனும் இறங்குகிறதா, அல்லது சுற்றுவழியில் செல்கிறதா என்று விசாரித்து அறிக.
5. கிளம்புவதற்கு முந்தின நாள், வழியில் எந்த வானமும் மூடப்படவில்லை என்பதையும், புறப்படும் நேரம் மாறவில்லை என்பதையும் கம்பெனியிடம் மறுபடி உறுதி செய்துகொள்க.
6. எதிர்கொள்ள வருவோருக்குச் சேரும் நேரத்தை அவர்கள் ஊர்த் தேதியோடும் கிழமையோடும் சேர்த்தே எழுதி அனுப்புக.

நேரே செல்லும் விமானமா, இறங்கிச் செல்லும் விமானமா என்ற தீர்மானத்தை இக்கணக்கு முடிந்த பிறகே செய்ய வேண்டும். முதியோரும் குழந்தைகளும் உடன் வருவார்களாயின், இடையில் நான்கு மணி நேரம் தரையில் கால் நீட்டி இளைப்பாறுவது, முன்னதாகப் போய்ச் சேர்வதைவிட மேலாக இருக்கலாம். தனியே செல்லும் திடகாத்திரமான பிரயாணிக்கு நேர்வழியே சிலாக்கியமாக இருக்கலாம். எதைத் தேர்ந்தாலும், மணிக்கணக்கை முன்கூட்டியே தாமே போட்டுப் பார்த்துவிட்டுச் சீட்டை வாங்குங்கள்.